காற்றின் கண்

டோக்கி அந்த வீட்டுக்கு வந்ததும்
சுவரில் ஓட்டை போட்டான்.
களிமண்ணும் சாணமும் வைக்கோலும் பிசைந்த சுவர்.
தலை நுழையும் அளவு குடைந்துவிட்டு
'காற்றுக்குக் கண்' என்றான் அவன் மொழியில்.
'புகை போகும் சரி, பனி வராதா?'
வுல்வ்ருன் அவள் மொழியில் திட்டினாள்.
இருவருக்கும் புரிந்தது.

பழந்தமிழில் காலதர் என்போம், காற்று வரும் வழி.
வடகடலைத் தாண்டி வந்தவர்களுக்கோ
அது வழியல்ல, கண்.
நாம் இன்று விண்டோ என்று சாத்தித் திறப்பது
அந்தக் கண்ணைத்தான்.

சொல்லுக்குத் தலை இருவரிடமும் ஒன்றே.
வீடு வீடுதான், குதிரை குதிரைதான்.
வால்தான் வேறு.
ஐ, ஆல், கு என்று நாம் ஒட்டுவதுபோல
அவர்களும் அன்று ஒட்டித்தான் பேசினார்கள்,
அவள் ஒரு விதமாக, அவன் ஒரு விதமாக.
கஞ்சி அடிபிடிக்கும்போது
வாலுக்கு யார் காத்திருப்பார்?
முதல் குளிர்காலத்தில் ஒன்றிரண்டு உதிர்ந்தன.
பிறகு யாரும் எண்ணவில்லை.

மகள் டோலா வாலில்லாமலே பேசினாள்.
'இந்தப் பிள்ளையின் பேச்சு நொண்டுகிறது'
என்றார் பாதிரியார் சியோல்ரெட்.
அது அவருக்கு முன்னால் ஓடி
தேம்ஸ் கரையில் வாத்து விரட்டிக்கொண்டிருந்தது.

டோக்கி விற்றது மான்கொம்புச் சீப்பு.
சனிக்கிழமை தவறாமல் குளிப்பான்.
தெருவில் அதையும் ஒரு குற்றமாகச் சொன்னார்கள்.

ஆயிரத்து இரண்டு, நவம்பர் பதின்மூன்று.
பெயர்கள் நான் இட்டவை, நாள் நிஜம்.
இங்கிலாந்தில் இருக்கும் டேனியரைக் கொல்லுங்கள் என்று
அரசாணை போனதும் நிஜம்.

விடிவதற்குள் வந்துவிட்டார்கள்.
முன்னால் நின்றவன் விக்லாஃப், தோல் பதனிடுபவன்,
மூன்றாம் வீடு.
அவன் தாடியில் இருந்தது டோக்கியின் சீப்பு போட்ட வகிடு.
'சட்டம்' என்றான்.
அந்தச் சொல் டோக்கியின் ஊர்க்காரர்கள்
படகில் கொண்டுவந்தது.
இடுப்பில் கத்தி.
அந்தச் சொல்லும்தான்.
இரும்புக்கு எந்த ஊர் தெரியும்?

உள்ளே யார் டேனியன் என்று கேட்டார்கள்.
வுல்வ்ருன் சொன்னாள்:
என் அடுப்பு டேனியன். என் சுவர் டேனியன்.
என் மகளின் நாக்கில் பாதி.
எதிலிருந்து வெட்டத் தொடங்குவீர்கள்?

அவர்கள் அவ்வளவு யோசிக்கவில்லை.

டோலா அந்தக் கண் வழியாகப் பார்த்தாள்.
தந்தையைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள்.
மேலே ஸ்கை.
டோக்கியின் ஊரில் அதற்கு மேகம் என்று பொருள்.
நம்மிடம் வான் மழையும் ஆனதுபோல
அங்கே மேகம் வானமாகிவிட்டது.
அந்தத் தீவில் நவம்பரில்
இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்தான்.

வுல்வ்ருன் அழுததை எந்த மொழியில் எழுத?
கணவன் என்று அவள் கூப்பிட்ட சொல்
அவன் கொடுத்தது.
துயரத்துக்கு அவன் ஊரில் ஆங்கர் என்பார்கள்.
அதையும் அவள் வைத்துக்கொண்டாள்.
எத்தனை வாய் மாறிய பிறகோ தெரியவில்லை,
இன்று அதற்குக் கோபம் என்று பொருள்.

வருஷங்கள் கழித்து, படகுத்துறையில்
சுங்கம் வாங்குபவன் டோலாவிடம்
'நீ எந்த இனம்?' என்றான்.
'இங்கிலிஷ்' என்றாள்.
பொய்யில்லை.
அவன் எழுதிக்கொண்டான்.
அவள் கூடையில் சீப்புகள் இருந்தன.

வீட்டில் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி
சியோல்ரெட்டே ஆள் அனுப்பியிருந்தார்,
குழைத்த மண்ணோடு.
டோலா அந்த மண்ணில் முட்டைக்கோஸ் நட்டாள்.
பனி உள்ளே வந்தது, ஆண்டுதோறும்.
வரட்டும்.